வலையில் விழுந்த விதர்கில்

அடுத்தவர் எச்சிலை ஒரு பிளாஸ்டிக் குழாயில் வாங்கி வருவதற்காக இங்கிலாந்திலிருந்து ராயபுரம் வரை போன ஒரே நாகர்கோவில்காரி நானாகத்தான் இருப்பேன். வேறு யாராவது இருந்தால் தகவல் சொல்லுங்கள், உட்கார்ந்து சேர்ந்து புலம்பலாம்.

அனுப்பியவர் ஆர்தர் விதர்கில். யார்க்‌ஷயர் மலைப்பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் முதியோர் இல்லத்தில் நான் பதினோரு வருஷமாக வேலை பார்க்கிறேன். நான் குடியிருக்கும் வீடு ஆர்தருடையது. மாடியில் நான், கீழே அவர். எண்பத்தொரு வயது, கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். அவர் சமையலறைச் சுவரில் ஒரு பெரிய உலகப் படம் மாட்டியிருக்கும். விதர்கில் என்ற குடும்பப்பெயர் உள்ளவர்கள் எங்கெங்கே உயிரோடு இருக்கிறார்களோ அங்கெல்லாம் ஒரு சிவப்புக் குண்டூசி. படத்தின் தலைமாட்டில் ஒரு சீட்டு ஒட்டியிருப்பார்: ‘விதர்கில்கள் மட்டும்.’ ஏதோ குடிக்கிற கிளப் வாசலில் எழுதி வைத்த மாதிரி.

அந்தப் பெயரின் சரித்திரம் எனக்கு மனப்பாடம். வாடகை பேச இறங்கினால்கூட அதைக் கேட்காமல் மேலே ஏற முடியாது. ‘கில்’ என்றால் அந்தப் பக்கத்துப் பேச்சில் மலை இடுக்கில் ஓடும் ஓடையாம். அப்படி ஒரு ஓடையோரம் ஆடு மேய்த்தவர்கள்தான் முதல் விதர்கில்கள். இரண்டே பள்ளத்தாக்குகள், நாலைந்து வீடுகள். பிறகு நூல் ஆலை வந்தது, கீழே இறங்கினார்கள். ஒருவன் ஆடு திருடி ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேற்றப்பட்டான், அங்கே போய்ப் பெயரை மாற்றிக்கொண்டு தப்பித்தான். கொஞ்சம் பேரை உலகப் போர் கொண்டுபோனது. மிச்சம் இருந்த வீடுகளில் பெண்பிள்ளைகளாகப் பிறந்தன. அங்கே பெண்கள் கல்யாணம் ஆனதும் புருஷன் குடும்பப்பெயருக்கு மாறிவிடுவார்கள். ஒவ்வொரு சாவுக்கும் ஆர்தர் ஓர் ஊசியைப் பிடுங்கி ஒரு தகர டப்பாவில் போடுவார். போன குளிர்காலத்தில் நியூசிலாந்து ஊசியும் டப்பாவுக்குப் போனது. மிஞ்சியது அவருடையது ஒன்றுதான்.

அப்போதுதான் இணையத்தில் ஏதோ கேரம் போட்டி முடிவில் ‘மகேஸ்வரி விதர்கில், ராயபுரம், சென்னை’ என்று பார்த்துவிட்டார். உடனே ராயபுரத்தில் ஓர் ஊசியைக் குத்தினார், மனுஷனுக்கு இரண்டு நாள் தூக்கமில்லை. அவருடைய சித்தப்பா ஹரால்டு விதர்கில் எண்ணூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இஞ்சினியராக இருந்தவர், கடைசிவரை பிரம்மச்சாரி. “ஹரால்டு அங்கே ஏதோ செய்திருக்கிறான்” என்றார் ஆர்தர். முகத்தில் அப்படி ஒரு பெருமை. குடும்பத்தில் ஓர் அவமானம் நடந்திருக்க வேண்டும் என்று அவ்வளவு ஆசையாக வேண்டிக்கொண்ட மனிதரை நான் பார்த்ததில்லை.

சென்னையில் என் தோழி மகள் கல்யாணத்துக்கு நான் கிளம்பிக்கொண்டிருந்தேன். ரத்த உறவைச் சோதிக்கும் எச்சில் குழாயை என் கைப்பையில் அவரே திணித்தார். “நான் தான் கடைசி என்றால் அதையும் தெரிந்துகொண்டு போகிறேன்” என்றார். அதற்கு மேல் நான் என்ன மறுப்பது?

கல்யாணப் பந்தியில் சாப்பிட்ட மறுநாள் காலை ராயபுரத்தில் ரயிலை விட்டு இறங்கினேன். எனக்குத் தெரிந்த சென்னை தி.நகரோடு முடிந்துவிடும். இங்கே இறங்கியதும் மூக்குதான் முதலில் ஊரைப் பார்த்தது: மீன், டீசல், மறுபடியும் மீன். யார்க்‌ஷயரில் காற்று சுத்தமாக இருக்கும், ஆனால் அதில் ஒரு செய்தியும் இருக்காது.

ஒரு டீக்கடையில் இட்லியும் வடகறியும் வாங்கிக்கொண்டு, தயங்கித் தயங்கி ஆரம்பித்தேன். இங்கிலாந்தில் அந்தப் பெயரை மூன்று முறை சொன்னால்தான் தபால்காரருக்கே புரியும்.

“அண்ணே, இங்க விதர்கில்னு யாராவது...”

“நம்ம விதர்கிலா?” என்றார் டீக்கடைக்காரர், டீ ஆற்றுவதை நிறுத்தாமலே. “போட்டு மோட்டாரு ரிப்பேரு பண்றவரு. நேரா போ, ஐஸ் பேக்டரிக்கு எதிர்ல ஷெட்டு. கைல இன்னா மா, மோட்டாரா?”

முருகன், குமார் என்று சொல்வது போல. என் உச்சரிப்பைத்தான் அவர் திருத்தினார்.

ஷெட்டில் படகு எஞ்சினைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த மனிதருக்கு அறுபதுக்கு மேல் இருக்கும். நல்ல கறுப்பு, நல்ல உயரம். விதர்கில்களுக்குக் காது பெரிது என்று ஆர்தர் சொல்லி அனுப்பியிருந்தார். பார்த்தேன். காது பெரிதாகத்தான் இருந்தது. கைப்பையில் இருந்த குழாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன்.

லண்டனிலிருந்து வருகிறேன் என்றேன், யார்க்‌ஷயரை யார் விளக்குவது. உடனே வீட்டுக்கு அழைத்துப் போனார். அவர் மனைவி தேசம்மா மீன் மொத்த வியாபாரம் செய்கிறவர், குரலிலேயே ஏலம் போடுவார். என் தட்டில் சங்கரா மீன் குழம்பையும் நெத்திலி வறுவலையும் கேட்காமலே குவித்தார். ஆர்தர் ஊரில் மீனுக்கு மாவில் ஒரு கம்பளி போர்த்திப் பொரித்துத் தருவார்கள், உப்பை நாமே தேடிக்கொள்ள வேண்டும். இந்த நெத்திலியைத் தின்ற நாக்கோடு நான் எப்படித் திரும்பிப் போவேன் என்று நிஜமாகவே கவலையாக இருந்தது.

சாப்பாட்டு மயக்கத்தில் புத்தி மழுங்கிவிட்டது. குழாயை எடுத்து வைத்தேன்.

“இது இன்னாத்துக்கு?” என்றார் தேசம்மா.

“அண்ணன் இதுல கொஞ்சம் எச்சில் துப்பணும்.”

“எச்சியா? சூனியம் கீனியம் வெக்கிறதுக்கா?”

“இல்லைக்கா, சொந்தம் பார்க்க. உங்க மாமியாருக்கு... அந்தக் காலத்துல... யாராவது வெள்ளைக்காரரைத் தெரியுமா?”

நாகர்கோவிலில் இப்படி ஒரு கேள்வியைக் கேட்டிருந்தால் என் அம்மாவே என்னை வெட்டியிருப்பாள். விதர்கில் கையில் எடுத்த சோறு வாய்க்குப் போகாமல் நின்றது. தேசம்மா கரண்டியோடு எழுந்தார்.

“எங்க அத்தய இன்னான்னு நெனச்சிக்கினு கேக்குற? வூட்டுல குந்திக்கினு சோறு துன்னுகினே கேக்குறியா?” பிறகு, குரலை ஒரு படி இறக்கி, “மிச்சம் வெக்காத. துன்னுட்டு கை கழுவிக்கினு கெளம்பு” என்றார்.

தின்றேன், கழுவினேன், கிளம்பினேன். அவமானத்திலும் அந்தக் குழம்பு ருசித்தது என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன். என் தொலைபேசி எண்ணை மட்டும் ஷெட் கதவில் சாக்பீஸால் எழுதிவிட்டு வந்தேன்.

மறுநாள் காலை, அந்த எண்ணில் கூப்பிட்டு இடம் கேட்டுக்கொண்டு, நான் தங்கியிருந்த அறைக்கு ஒரு பெண் வந்தாள். எட்டு மாத வயிறு, தோளில் கைப்பை, வாய் நிறைய சிரிப்பு.

“நான்தான் மகேஸ்வரி. அம்மா கையால கரண்டி அடி வாங்காம தப்பிச்சது நீங்கதானா? நைனா உங்கள இட்டுக்கினு வரச் சொல்லிச்சி. வாங்க, உங்க வெள்ளக்காரன் கதய எண்ணூருல வெச்சி சொல்லுதாம்.”

கல்யாணமாகிக் கொருக்குப்பேட்டையில் இருக்கிறாள், பிரசவத்துக்குத் தாய் வீடு வந்திருக்கிறாள். எட்டு மாதத்தில் எண்ணூருக்கு ஷேர் ஆட்டோவா என்று நான் பதறினேன். “வூட்டுல இருந்தா அம்மா லேகியம் குடுத்தே சாவடிக்கும்” என்றாள்.

திருவொற்றியூர் தாண்டும்வரை ஆட்டோ பறந்தது. எர்ணாவூரில் நின்றது நின்றதுதான். முன்னால் கண்டெய்னர் லாரி, பின்னால் கண்டெய்னர் லாரி, பக்கத்திலும் ஒன்று. ஒரு லாரி டிரைவர் அடுப்பை இறக்கி வைத்து வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தார். இங்கிலாந்தில் ரயில் நாலு நிமிஷம் தாமதமானால் ஒலிபெருக்கியில் மன்னிப்புக் கேட்பார்கள். இங்கே ஒன்றரை மணி நேரம் ஆயிற்று, யாரும் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. ஆனால் அந்த டிரைவர் வியர்த்து வழிந்த என்னையும் வயிற்றுப்பிள்ளைக்காரியையும் பார்த்துவிட்டு இரண்டு தட்டில் தக்காளிச் சாதம் கொடுத்தார். மகேஸ்வரி இரண்டாம் முறையும் கேட்டு வாங்கினாள்.

முகத்துவாரத்தில் விதர்கில் முன்னாலேயே வந்து காத்திருந்தார். எதிர்க்கரையில் அத்திப்பட்டு அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகள். தண்ணீரில் சாம்பல் நிறம். ஆறு கடலில் சேரும் இடத்தைக் கை நீட்டிக் காட்டினார்.

“அங்கதான். ஞாயித்துக்கெழம. நீ கேட்ட வெள்ளக்காரரு, பேக்டரி இஞ்சினியரு, சின்னப் பாய்மரப் போட்டு எடுத்துக்கினு சோக்கா வந்துகீறாரு. அலையப் பாக்கத் தெரியல. கவுந்துட்டாரு. எங்க நைனா இந்தக் கரையில மடவ மீனுக்கு வல வீசிக்கினு இருந்திச்சி. ஆளு ரெண்டு தபா முங்கி எந்திரிச்சதப் பாத்துட்டு வலய அவரு மேலயே வீசி இஸ்துடுச்சி.”

“மீன் மாதிரியா?”

“மீனுன்னா துள்ளும். இவரு மூட்ட மாதிரி வந்தாராம். தண்ணியெல்லாம் கக்குனதுக்கு அப்பால, ஒனக்கு இன்னா வோணும்னு கேட்டாரு. எங்க நைனா, ஒன் பேரு இன்னான்னுச்சி. விதர்கில்னாரு. சரி, அத்த நான் வெச்சிக்கிறேன்னு சொல்லிடுச்சி.” அவர் என்னை நியாயம் கேட்பது போலப் பார்த்தார். “என் வலயில வுழுந்தது எனக்குத்தானே? ஆளத் திருப்பிக் குடுத்தாச்சி. பேராவது வேணாவா? அடுத்த மாசம் நான் பொறந்தேன்.”

எனக்கு ஹரால்டு சித்தப்பாவைப் பற்றி ஆர்தர் சொன்ன ஒன்று ஞாபகம் வந்தது. இந்தியாவிலிருந்து வந்தபிறகு அவர் குளியல் தொட்டியில் கணுக்கால் அளவுக்கு மேல் தண்ணீர் விட்டதே கிடையாதாம். குளிருக்குப் பயந்துதான் என்று வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். ஆர்தர் விதர்கில் என்னை அனுப்பிய கதையோடு அதையும் சொன்னேன். விதர்கில் சிரித்த சிரிப்பில் பக்கத்துக் கொக்கு பறந்தது.

“ஆர்தர் விதர்கில்னியே, அப்ப இவரு அவரோட புள்ளயா?” என்றார்.

“இல்லைண்ணே, அண்ணன் மகன்.”

“அண்ணன் மவனுக்கு இன்னாத்துக்கு சித்தப்பன் பேரு பின்னால?”

“ஆர்தரோட அப்பாவும் விதர்கில்தான். ஜார்ஜ் விதர்கில்.”

“அண்ணன் தம்பி ரெண்டு பேருக்கும் ஒரே பேரா? வூட்டுல கூப்ட்டா எவன் திரும்புவான்?”

இதற்குப் பதில் சொல்ல நான் எடுத்துக்கொண்ட நேரத்தில் ஒரு படகு போய்த் திரும்பி வந்துவிட்டது. குடும்பத்துக்கே ஒரு பெயர், அப்பனுக்கும் பிள்ளைக்கும் பேரனுக்கும் அதே பெயர், கட்டிக்கொண்டு வருகிறவளுக்கும் அதே. வீடு திரும்பியதும் தேசம்மாவிடமும் விளக்கினேன். கரண்டியை மறந்து வாயில் கை வைத்தார். “நான் தேசம்மாவாப் பொறந்தேன், தேசம்மாவாத்தான் போவேன். அந்த ஊரு பொம்பளைங்க சும்மாவா இருக்குறாளுங்கோ?”

மூன்றாம் நாள் சாயங்காலம் ஐந்து மணிக்கு விதர்கில் வீட்டிலிருந்தே ஆர்தரை வீடியோவில் அழைத்தேன். அங்கே மத்தியானச் சாப்பாட்டு நேரம். டை கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார், பாவம். பின்னால் அந்த உலகப் படம் தெரிந்தது. வலைக் கதையை முழுவதும் சொன்னேன். ரத்தம் இல்லை என்றும் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கவும் தோன்றவில்லை.

ஆர்தர் திரும்பிப் படத்தைப் பார்த்தார். “அப்படியானால் அந்த ஊசியை எடுத்துவிட வேண்டியதுதான்” என்றார். “நான் ஒருவன்தான்.”

நான் மொழிபெயர்த்ததும் விதர்கில் கைபேசியைப் பிடுங்கி முகத்துக்கு நேரே வைத்துக்கொண்டார். “அண்ணாத்தே. ஒன் பேரு இன்னா? ஆர்தரு. ஒங்கப்பா பேரு? ஜார்ஜி. அப்ப நீ ஜி. ஆர்தர். நீ எங்க விதர்கில்லு? விதர்கில்லு நான். ஒலகத்துல நான் ஒருத்தன்தான் கீறேன், அதுக்குத்தான் நானும் பேஜாராக் கீறேன்.”

இதை மொழிபெயர்க்க எனக்குத் தைரியம் வேண்டியிருந்தது. ஆர்தர் கண்ணை இரண்டு முறை சிமிட்டினார். பிறகு அவர் தோள் குலுங்கியது. பதினோரு வருஷத்தில் அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

விதர்கிலின் கவலை உண்மையானது. தாத்தா பெயரைப் பேரனுக்கு வைப்பதுதான் வழக்கம். மகேஸ்வரி ஒரே பிள்ளை. பிறப்பது பையனென்றால் விதர்கில் என்று வைக்க வேண்டும், இல்லாவிட்டால் அவரோடு சரி. அவளோ முடியவே முடியாது என்று ஏழு மாதமாகச் சண்டை.

“ஒங்களுக்கு இன்னா தெரியும் அக்கா? பின்னால அந்தப் பேர வெச்சிக்கினு நான் பட்டது. பாஸ்போர்ட்டுக்குப் போனா ஆங்கிலோ இந்தியனான்றான். கோயில்ல அர்ச்சன சீட்டு வாங்கப் போனா ரெண்டு தபா மேல கீழ பாக்குறாங்கோ. எனக்குப் பின்னால தான் இருந்துச்சி. எம்புள்ளைக்கு முன்னாலயே வெக்கணுமா?”

“கேரம் ஆடு” என்றார் விதர்கில். “நான் கெலிச்சா என் பேரு. நீ கெலிச்சா ஒன் இஷ்டம்.”

அந்த வீட்டில் சண்டை எல்லாம் இப்படித்தான் தீருமாம். மகேஸ்வரிக்கு ஆடக் கற்றுக்கொடுத்தவரே அவர்தான், ஆனால் பத்துக்கு எட்டு ஆட்டம் அவள் ஜெயிப்பாள் என்று தேசம்மா என் காதில் சொன்னார். போர்டை எடுத்து வைத்துப் பவுடர் போட்டார்கள். கைபேசியைத் தண்ணீர்க் குடத்தில் சாய்த்து வைத்தேன். ஆர்தர் நாற்காலியை இழுத்துக்கொண்டு திரைக்குப் பக்கத்தில் வந்தார். அவர் பெயர் உலகத்தில் மிச்சமிருக்குமா என்பது இப்போது ராயபுரத்தில் ஒரு கேரம் போர்டின் மேல் இருந்தது.

மகேஸ்வரியின் வயிறு போர்டில் இடித்தது, ஸ்ட்ரைக்கரை வைக்கவே எக்க வேண்டியிருந்தது. விதர்கில் மளமளவென்று போட்டார். கடைசியில் அவருக்கு ஒரு காய், அவளுக்கு ஒரு காய், நடுவில் சிவப்பு. அவர் சிவப்பை அழகாக உள்ளே தள்ளினார். ஆர்தர் கை தட்டினார். ஆனால் சிவப்பைப் போட்டவுடன் தன் காய் ஒன்றையும் போட வேண்டும், இல்லாவிட்டால் சிவப்பு திரும்பி வந்துவிடும். அவர் காய் குழி ஓரம்வரை போய் நின்றது. சிவப்பு மறுபடி நடுவுக்கு வந்தது.

மகேஸ்வரி சிவப்பைப் போட்டாள். அவள் கடைசிக் காய் குழிக்கு ஒரு சாண் தூரத்தில் நேராகக் கிடந்தது. கண்ணை மூடிக்கொண்டு நான்கூடப் போட்டுவிடலாம். அவள் திரையைப் பார்த்தாள். ஆர்தர் இரண்டு கையையும் கோத்து வாயில் வைத்திருந்தார். தவறவிடுடி, என் தங்கமே, தவறவிடு என்று எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன்.

போட்டுவிட்டாள். டக்கென்று ஒரு சத்தம்.

 ஆர்தர் மெதுவாக, “நல்ல அடி” என்றார். சூப் ஆறுகிறது என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். எனக்கு வந்த கோபத்தில் மகேஸ்வரி கர்ப்பிணி என்பதையே மறந்தேன். “விட்டுக் கொடுத்தா என்னடி குறைஞ்சு போயிருக்கும்?” என்று கத்தினேன்.

“அவரு ஆட்டம் பாத்துக்கினு இருந்தாரு அக்கா. வேணும்னே வுட்டா அவருக்குத் தெரிஞ்சிருக்கும்” என்றாள். “பாவம் பாத்து குடுத்த பேர அவரு இன்னா பண்ணுவாரு?” அவள் கண்ணும் கலங்கித்தான் இருந்தது.

கிளம்புகிற அன்று விதர்கில் குழாயைக் கேட்டு வாங்கிக் கோடுவரை துப்பிக் கொடுத்தார். கேட்டவருக்கு இல்லை என்று சொல்லி அனுப்பக்கூடாதாம். தேசம்மா ஒரு பொட்டலம் கருவாடு தந்தார். இங்கிலாந்து விமான நிலையத்தில் கருவாட்டைப் பிடுங்கிக்கொண்டார்கள், எச்சிலை மரியாதையாகத் திருப்பித் தந்தார்கள். அந்த நாட்டைப் பற்றி இதற்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை.

ஆர்தர் குழாயைச் சோதனைக்கு அனுப்பவில்லை. ஜன்னலில் பூச்சாடிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். ராயபுரத்து ஊசியையும் எடுக்கவில்லை. கேட்டதற்கு, “எங்கள் இருவரில் அவர்தான் அசல் என்கிறார். எடுப்பதானால் என்னுடையதை எடுக்க வேண்டும்” என்றார். ஆனால் சாப்பாடு குறைந்துவிட்டது. படத்தின் பக்கமே திரும்பாமல் உட்கார்ந்திருப்பார்.

ஐந்து வாரம் கழித்து மகேஸ்வரியின் குரல் செய்தி வந்தது. கீழே ஓடி அவர் முன்னால் போட்டுக் காட்டினேன்.

“அக்கா, பையன். நேத்து பேரு வெச்சோம். அவங்கப்பா குமாரு, அதனால கே. ஆர்தர். நைனா சொன்னது ரைட்டு தானே, உங்க ஊரு தாத்தாவோட சொந்தப் பேரு அதான? அத்த எடுத்துக்க யாருமே இல்லன்னீங்களே. நைனா எங்கூடப் பேசல. ஆனா காலைலருந்து ஆர்தரு ஆர்தருன்னு புள்ளயத் தூக்கிக்கினு ஊரு சுத்துது. தாத்தாகிட்ட சொல்லிடுங்க.”

சொன்னேன். இரண்டு முறை சொல்லச் சொன்னார்.

“அவனுடைய குடும்பப்பெயர்?” என்றார்.

“கிடையாது. அப்பா பெயரில் ஓர் எழுத்து மட்டும்.”

எழுந்து படத்தின் முன்னால் போய் நின்றார். தலைமாட்டில் ஒட்டியிருந்த ‘விதர்கில்கள் மட்டும்’ சீட்டை நகத்தால் சுரண்டிக் கிழித்தார், பாதி சுவரிலேயே நின்றுவிட்டது. பிறகு டப்பாவைத் திறந்து ஓர் ஊசியை எடுத்து, எங்கே குத்த வேண்டும் என்று என்னிடம் கேட்டார்.